பத்தொன்பதாம் படிக்குப் பதில் ஒரு புன்னகை

வாச்சர் இரும்புக் கேற்றை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தபோது பர்ஸான் தன் இடது காலை உள்ளே நீட்டினான். கேற் முழங்காலில் மோதி நின்றது.

"ஒப்பிஸ் மூடியாச்சு, தம்பி. நாளைக்கு வாங்க."

"மூண்டு மணிக்குத்தானே மூடுற? இப்ப ரெண்டு அம்பத்தேழு."

வாச்சர் மணிக்கூட்டைப் பார்க்கத் திரும்பினார். அந்த ஒரு நொடி போதும். பழைய சாரத் துணியில் சுற்றிய பெட்டியைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு பர்ஸான் இரண்டிரண்டு படியாக மேலே ஓடினான்.

மூன்றாம் மாடி. கதவை விடப் பெயர்ப்பலகை நீளம். 'கரையோர நுண்கருவி இயங்குதள ஆவணமாக்கல்' என்பது வரைக்கும் பலகையில் இருந்தது. 'பணியகம்' என்ற சொல்லுக்கு இடம் போதாமல் அதைச் சுவரில் பெயின்ரால் எழுதியிருந்தார்கள்.

விசாரணைக் கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சீல், சீலுக்கு மை, மைக்கு ஒரு பதிவேடு. அவளுடைய தலைக்கு நேர் மேலே ஒரு கமரா.

"மிஸ், இதைக் கொஞ்சம் பாருங்க." பர்ஸான் சாரத்தை அவிழ்த்தான். அரை றாத்தல் பேக்கரிப் பாண் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. "என்ட மச்சான் நிஸாம்ட போட்டுல இருந்த கரைகாட்டி. லைட் பத்துது. சரியா பத்து நிமிஷம். மறுகா செத்துப் போகுது. திரும்பப் பத்துது, திரும்பச் சாகுது. போன மாசம் நீங்க குடுத்த புது மெமரி கார்டைப் போட்டதுக்குப் பொறகுதான்."

கரைகாட்டி என்பது, படகு கடலில் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும் கருவி. சிவப்புப் பொத்தானை அமர்த்தினால் உதவி கேட்கும். போன வருடம் எஞ்சின் நின்று நான்கு நாள் மிதந்த நிஸாமைக் கரைக்குக் கொண்டுவந்தது இந்தப் பெட்டிதான். சனிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நிஸாம் மறுபடி ஒலுவில் துறைமுகத்தில் இருந்து கிளம்புகிறான். பன்னிரண்டு நாள் கடல். பெட்டி உயிரோடு இருந்தாலும் போவான், செத்திருந்தாலும் போவான். மீன் காத்திருக்காது. இன்றைக்குச் செவ்வாய்.

"எனக்கு இதைத் திருத்தத் தெரியும், மிஸ். ஃபோன் திருத்துற கடை வெச்சிருக்கன். உள்ளுக்கு இருக்கிற இயங்குதளத்தைப் புதுசாக் கட்டி ஏத்தினாச் சரி. மூல நிரல் கடைக் கொம்பியூட்டர்ல இரிக்கி. கட்டுற முறைதான் தெரியா. அதுக்கு நீங்க கைநூல் போட்டிருக்கிறீங்களாமே?"

"ஓம்."

"ஒண்டு தாங்க."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஆயிரம் கைநூல்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒன்று மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றின் மேல் மின்விசிறி சுழன்றது.

"தர ஏலாது. இன்னும் வெளியிடல்ல."

"அச்சடிச்சாச்சுதானே?"

"அச்சடிச்சாச்சு. வெளியீட்டு விழா வெள்ளிக்கிழமை."

உள்ளறைக் கதவு திறந்தது. பணிப்பாளர் ஜனாப் பஸால் வெளியே வந்தார். வீட்டுக்குப் போகும் நேரத்தில் ஒரு பொதுமகனைக் கண்ட அதிகாரியின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது முகம். விசயத்தைக் கேட்டதும் அது மலர்ந்தது. விளக்கம் சொல்ல ஒரு சந்தர்ப்பம்!

"தம்பி, விழாவில முதற்பிரதி ஒண்டு குடுப்பம். அதுக்கு முன்னம் உங்களுக்கு ஒரு பிரதி தந்தா, முதற்பிரதி ரெண்டாம் பிரதியாப் போயிரும். அப்ப முதற்பிரதி வாங்குற ஹாஜியாருக்கு நான் என்ன பதில் செல்ற?"

"சேர், சனிக்கிழமை ஒரு ஆள் கடலுக்குப் போறார். நீங்களே இதைத் திருத்தித் தாங்களன்."

"திருத்துறது எங்கட வேலை இல்ல. திருத்துறது எப்படி எண்டு எழுதுறதுதான் எங்கட வேலை. ரெண்டையும் ஒரே நிறுவனம் செய்தா, எழுதினது சரியா பிழையா எண்டு எங்களுக்கே தெரிஞ்சிரும். அது நடுநிலைமைக்குப் பாதகம்." பணிப்பாளர் பெட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "ஆனா வாசிக்கலாம். முன்வாசிப்பு அறை இரிக்கி. அதுக்கு வாசகர் தகைமைச் சான்றிதழ் வேணும். நாளைக்குச் செயலமர்வு. கஜனி, இவருக்குத் துண்டு குடுத்து அனுப்புங்க."

கவுண்டர்ப் பெண், அதாவது கஜனி, ஒரு துண்டுச் சீட்டை எடுத்து இலக்கம் போட்டாள். சீல் குத்தினாள்.

"மிஸ், ஒரு வார்த்தை செல்லுங்க. பத்தாவது நிமிஷத்துல என்னதான் நடக்குது?"

அவள் கமராவை ஒருமுறை பார்த்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலை விரலால் தட்டினாள். 'கவுண்டர் உத்தியோகத்தர்கள் வாய்மூல விளக்கம் அளிக்க அதிகாரமற்றவர்கள்.'

"துண்டைத் துலைச்சிராதீங்க" என்றாள்.

அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை. செயலமர்வின் தலைப்பு 'கைநூலை அணுகுதல்: ஓர் அறிமுகம்.'

இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, செயலமர்வு ஏன் என்பது பற்றி ஓர் உரை, அந்த உரைக்கு நன்றியுரை. பத்தரைக்குத் தேநீர். பதினொன்றுக்குப் பாடம் ஆரம்பம். பாடம் கைநூலின் அட்டை பற்றியது. அட்டையில் ஒரு தென்னை மரம், ஒரு கலங்கரை விளக்கம், வானத்தில் சுற்றும் ஒரு செய்மதி. மூன்றும் எதைக் குறிக்கின்றன என்று குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடச் சொன்னார்கள்.

"செய்மதி எதைக் குறிக்குது?" பர்ஸான் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டான்.

"முன்னேற்றம்" என்றார் அவர், யோசிக்காமல். "தென்னை பாரம்பரியம். விளக்கு வழிகாட்டல். எழுதுங்க."

"எப்படிக் காக்கா டக்கெண்டு செல்றீங்க?" என்று அந்த அண்ணனைக் கேட்டான்.

"எனக்கு இது ஒம்பதாவது செயலமர்வு. பகலைக்குச் சோத்துப் பார்சல் நல்லா இரிக்கும். பெட்டியாவது மட்டையாவது, நான் கண்டதே இல்ல."

சோற்றுப் பார்சல் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அந்தப் பணியகம் சொன்னபடி நடந்துகொண்ட ஒரே இடம் அதுதான் என்பதை இங்கே பதிவு செய்துவிட வேண்டும்.

ஒன்றரைக்குச் சான்றிதழ். கஜனி இரண்டாவது துண்டைக் கொடுத்தாள். முன்வாசிப்பு அறையில் நுழையும் முன் கை கழுவ வேண்டும். கழுவியதற்குக் கையொப்பமிட வேண்டும். கையொப்பமிட்ட பேனை கசிந்து விரலில் மை பட்டதால் மறுபடி கழுவ வேண்டும், மறுபடி கையொப்பமிட வேண்டும்.

இரண்டு மணிக்குப் பர்ஸான் கைநூலைத் திறந்தான். ஃபோன் தடை. பென்சிலும் கொப்பியும் மட்டும்.

பக்கம் ஒன்று, வாழ்த்துச் செய்தி. பக்கம் இரண்டு, வாழ்த்துச் செய்தி. முப்பதாம் பக்கத்திலும் வாழ்த்துச் செய்தி. ஒவ்வொன்றிலும் கோட் போட்ட ஒரு படம். ஒருவர் எழுதியிருந்தார்: 'இயங்குதளம் என்றால் என்னவென்று அறியும் வாய்ப்பு இதுவரை எனக்குக் கிட்டாத போதிலும், அது சிறப்புற இயங்க மனமார வாழ்த்துகிறேன்.' இன்னொருவர் கரைகாட்டியை ஒரு வாராந்தப் பத்திரிகை என்று நினைத்துவிட்டார் போலிருந்தது. அது தொடர்ந்து வெளிவர வேண்டும், சந்தாதாரர் பெருக வேண்டும் என்று பிரார்த்தித்திருந்தார்.

அறுபத்து நான்காம் பக்கத்தில் வாழ்த்து ஓய்ந்தது. அணிந்துரை ஆரம்பித்தது. பிறகு பெட்டிகளின் வரலாறு, மரப்பெட்டியில் இருந்து. முதலாம் படி இருந்தது பக்கம் நூற்றுப் பத்தொன்பதில்.

மணி இரண்டு நாற்பது. ஃபோனை வாங்கி வைத்திருந்த வாச்சர் கதவால் தலையை நீட்டினார். "தம்பி, உங்கட மச்சான் நாலு தரம் எடுத்திட்டார். பெட்டி சரியாமா எண்டு கேட்கிறார்."

"அட்டை விளங்கிட்டு எண்டு செல்லுங்க."

இருபது நிமிடம். பர்ஸான் பாய்ந்து பாய்ந்து கொப்பியில் கட்டளைகளை எழுதினான். உரைகளைத் தாண்டினான், படங்களைத் தாண்டினான், படிகள் வந்த இடத்தில் மட்டும் நின்றான். மூன்று அடித்தபோது கடைசிப் படிக்கு முற்றுப்புள்ளி வைத்தான்.

கடைக்கு வந்து கட்டளைகளைக் கொம்பியூட்டரில் அடிக்க உட்கார்ந்தபோதுதான், தான் என்ன எழுதியிருக்கிறான் என்பது அவனுக்கே உறைத்தது.

'உட்புகுக மூலக்கோவை. பெறுக அடுக்குகள். ஆக்குக அனைத்தும்.'

அடித்தான். கட்டளை தெரியாது என்றது இயந்திரம். மறுபடி அடித்தான். மறுபடி தெரியாது. கட்டளைகளை மட்டுமல்ல, கோப்புகளின் பெயர்களையும் மொழிபெயர்த்திருந்தார்கள். இணைய முகவரியைக்கூட விடவில்லை. கடவுச்சொல்லுக்கு அடிக்குறிப்பில் பொருள் தந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டரை. கலைச்சொல் குழுத் தலைவர் கிறிஸ்ரோபர் மாஸ்டரின் மேசைக்கு முன்னால் பர்ஸான் நின்றான். முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையில் நான்கு பேனைகள்.

"கொம்பியூட்டருக்கு இந்தக் கட்டளை விளங்குதில்ல, சேர்."

"விளங்குதில்லையோ?" மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் இருக்கும் மாணவனைப் பற்றிக் கேட்டவர் போல வருத்தம்தான் வந்தது. "'ஆக்குக' எண்ட சொல்லுக்கு நாங்க பதினொரு மாசம் இருந்து கதைச்சிருக்கிறம், தம்பி. 'செய்க' எண்டவர் ஒருத்தர், 'உருவாக்குக' எண்டவர் ஒருத்தர். ஒரு ஆள் கோவிச்சு ராஜினாமா செய்தவர். பதினொரு மாசத்து வேலைய, தெரியாது எண்டு அது ஒரு செக்கன்ல சொல்லுமோ?"

"அதுக்கு இங்கிலீசுலதானே சேர் தெரியும்."

"அது ஆருட பிழை? எங்கட பிழையோ, அதுட பிழையோ?"

நியாயமாக யோசித்தால் அது இயந்திரத்தின் பிழை போலத்தான் இருந்தது.

"இஞ்ச பாருங்க, தம்பி. நான் ஒரு பிழையும் விடல்ல. முந்நூற்று நாப்பது சொல். ஒரு ஒற்றுப் பிழை கண்டுபிடிச்சாக் காட்டுங்க, பேரை மாத்துறன். வேலை செய்யுதோ இல்லையோ எண்டது வேற குழு."

"அந்தக் குழு எங்க இரிக்கி, சேர்?"

"இன்னும் அமைக்கல்ல."

பர்ஸான் தாழ்ந்த குரலில் கேட்டான். எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ் என்ற பட்டியலையாவது பார்க்கலாமா? பார்க்கலாம், என்றார் மாஸ்டர். ஆனால் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்குப் போகும். தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பி வருவதற்கு இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை. பர்ஸான் அங்கீகாரம் இல்லாமலேயே திரும்பி வந்தான். ஒரு மணி நேரத்தில் கொப்பியில் இருந்த ஒவ்வொரு கட்டளைக்கும் பழைய உருவத்தைத் தேடி எழுதிக்கொண்டான். புறப்படும்போது கிறிஸ்ரோபர் மாஸ்டர் அவனுடைய எழுத்தைப் பார்த்து, "கையெழுத்து நல்லாயிருக்கு" என்று பாராட்டினார்.

பத்து மணிக்குக் கடையில் இயந்திரம் கட்ட ஆரம்பித்தது. நான்கு மணித்தியாலம். வாடிக்கையாளர் வந்தார்கள், போனார்கள். பர்ஸான் திரையை விட்டு அசையவில்லை. கரண்ட் போய்விடக்கூடாது என்று துஆக் கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. புதிய மெமரி கார்டைப் பெட்டிக்குள் போட்டான்.

பச்சை லைட் எரிந்தது!

"மச்சான்!" ஃபோனில் கத்தினான். "பத்திட்டு!"

"அல்ஹம்துலில்லாஹ்! உங்கட தங்கச்சி இஞ்ச ரெண்டு நாளா மூஞ்சைய நீட்டிக்கிட்டு இரிக்கா. பெட்டி இல்லாமப் போனா, திரும்பி வந்து கதவைத் தட்டாதீங்க எண்டுட்டா. திரும்பி வந்தாத்தானே தட்டுற எண்டன். அதுக்கு அகப்பையால எறிஞ்சா."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரிக்க ஏலாதா உனக்கு?"

"எப்ப மச்சான் கொண்டு வாறீங்க?"

ஏழு நிமிடம். எட்டு. ஒன்பது.

பத்து.

லைட் அணைந்தது.

"மச்சான்? ஹலோ? மச்சான்?"

பர்ஸான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழாம் படி. பதினெட்டாம் படி. அதற்கு அடுத்தது இருபதாம் படி.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. இந்த முறை வாச்சர் கேற்றைத் தானே திறந்துவிட்டார். "ஓடுங்க, ஓடுங்க!"

"மிஸ்! பத்தொன்பதாம் படி எங்க? நான் எழுதாம விட்டுட்டனா?"

கஜனி மின்விசிறியைத் தூக்கி, அதற்கு அடியில் இருந்த கைநூலை எடுத்து, பதினெட்டாம் படி முடியும் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியில் உட்பக்கமாக அமர்த்திப் பிடித்தாள். அடுத்த பக்கம் முழுவதும் ஒரு புகைப்படம், அடியில் ஒரு வரி வாழ்த்து. தலைப்பாகையும் மாலையுமாக ஒரு பெரிய மனிதர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அதற்கும் அடுத்த பக்கம் இருபதாம் படி.

"அப்ப அந்தப் படியில என்ன இருந்த?"

அவளுடைய கண் கமராவுக்குப் போய்த் திரும்பியது.

"இதை முதன்முதல்ல எழுதின ஆள் ஆரு, மிஸ்? அவர்ட நம்பரைத் தாங்க. கால்ல விழுந்தாவது கேட்கிறன்."

"மூல ஆசிரியர்ட விபரம் அந்தரங்கம்." அவள் ஒப்புவிப்பதுபோல் சொன்னாள். "விழாவில பணிப்பாளர் அறிமுகம் செய்வார் எண்டு சுற்றறிக்கை வந்திருக்கு." மூன்றாவது துண்டுக்குச் சீல் குத்தினாள். சீல் சற்றுப் பலமாகவே விழுந்தது. "கேள்வி கேட்டதுக்கு இந்தத் துண்டு. நாளைக்கு விழாவுக்கு வாசல்ல இன்னொண்டு தருவன். எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருங்க. எல்லாத்தையும்."

பர்ஸான் அதையும் சட்டைப் பையில் போட்டான். இந்த நாட்டில் அலுவலகம் தரும் துண்டுகளைப் போட்டு வைப்பதற்கென்றே சட்டைகளுக்குப் பை தைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, அஸரும் முடிந்து, நாலரைக்கு விழா. மண்டபத்தில் முந்நூறு கதிரை. நாதஸ்வரம் ஒரு பக்கம், றபான் மேளம் ஒரு பக்கம், நல்லிணக்கம் நடுவில். வாசலில் கஜனி ஆளுக்கொரு துண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். பர்ஸானுடையதை மட்டும் குவியலில் இருந்து எடுக்காமல் பதிவேட்டுக்குள் இருந்து எடுத்தாள். சனக்கூட்டத்தில் அவன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கவனம் முழுவதும் மேடையில் இருந்தது. மூல ஆசிரியர் எப்போது வருவார்? கண்டதும் மேடையேறிப் பிடித்துவிடுவது என்று முன்வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

பணிப்பாளர் ஜனாப் பஸால் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கண்ணியத்துக்குரிய சபையோரே! இந்த நூல் எங்களிடம் வந்தபோது எத்தனை பக்கம் தெரியுமா? பதினான்கு. ஆம், வெறும் பதினான்கு பக்கம்! யாரும் ஒரே மூச்சில் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய நிலையில் அது இருந்தது. அந்தப் பரிதாப நிலையில் இருந்து அதை மீட்டு, நானூற்றுப் பதினாறு பக்கமாக வளர்த்தெடுத்தது இந்தப் பணியகம்!"

கைதட்டல்.

"சோதனைகள் வந்தன. நூல் அச்சகத்தில் இருக்கும்போது, இதோ அமர்ந்திருக்கும் எங்கள் பிரதம அதிதி அவர்களின் வாழ்த்துச் செய்தி வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் கூடிவிட்டது. அச்சகத்தில் பதினாறு பதினாறாகத்தான் மடிப்பார்கள். ஒரு பக்கம் கூடினால் இன்னொன்று குறைய வேண்டும். வாழ்த்துச் செய்தியை எடுக்க முடியுமா? வாழ்த்தியவர் என்ன நினைப்பார்? குழுவைக் கூட்டினோம். ஜனநாயக முறையில் வாக்கெடுத்தோம். சொற்கள் ஆகக் குறைந்த பக்கம் எதுவோ அதை எடுப்பது என்று ஏகமனதாக முடிவு செய்தோம். தேடினால், ஒரு பக்கத்தில் நாலே நாலு வரி! அதையும் யாரோ பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, இடத்தை வீணாக்கியிருந்தார்கள். அந்த விரயத்தைத்தான் அகற்றினோம்."

முந்நூறு பேர் கைதட்டினார்கள். பிரதம அதிதி புகைப்படத்தில் இருந்த அதே புன்னகையைப் புன்னகைத்தார். பர்ஸான் மட்டும் தலையில் கை வைத்தான். நாலு வரி. நிஸாமின் உயிர் நாலு வரியில் இருந்தது. அந்த நாலு வரியை வாக்கெடுத்து எறிந்திருக்கிறார்கள்.

"அந்தத் தூய நூலின்படி, ஓர் எழுத்தும் பிசகாமல் செய்த மெமரி கார்டுகள்தான் இன்று எல்லாப் படகுகளிலும் உள்ளன!" என்று முழங்கினார் பணிப்பாளர். "இனி, மூல ஆசிரியர் யார் என்று நீங்கள் ஆவலோடு கேட்கிறீர்கள்."

பர்ஸான் எழுந்து நின்றுவிட்டான்.

"சிந்தியுங்கள். ஒரு நூலுக்கு மூலம் எது? அதை வெளியிடும் நிறுவனம். நிறுவனத்துக்கு மூலம் எது? அதன் பணிப்பாளர். எனவே, மிகுந்த கூச்சத்தோடு…" அவர் குனிந்தார். பிரதம அதிதி பொன்னாடையை விரித்தார். பொன்னாடைத் தட்டை ஏந்தி நின்ற கஜனி ஒரு படி பின்னால் நகர்ந்தாள், படத்தில் விழாமல்.

பர்ஸான் உட்கார்ந்தான். செருப்பை மாட்டினான். வேறு வழியில்லை, எழுந்து நடந்தான்.

வாசலில் தின்னப் பெட்டிஸும் குடிக்கத் தேநீரும். மேசைக்குப் பின்னால் நின்றவர் கையை நீட்டினார். "துண்டு தாங்க. பின்பக்கம் பேரை எழுதித் தாங்க. கணக்குக் காட்டணும்."

பசி. பர்ஸான் துண்டை எடுத்துத் திருப்பினான். பேனையை வைத்தான். எழுத இடமில்லை. அங்கே ஏற்கெனவே பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'மாற்றாவிட்டால் பத்தாவது நிமிடம் அணையும். மறக்கவேண்டாம்.'

"என்ன தம்பி, பேர் மறந்து போச்சா?"

பர்ஸான் சட்டைப் பைக்குள் கையை விட்டான். மற்ற மூன்று துண்டுகளையும் இழுத்து மேசையில் போட்டுத் திருப்பினான். செவ்வாய்: 'பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பலகையின் நிறத்தைப் பாருங்கள்.' புதன்: 'நீலம் என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை.' வியாழன்: 'பச்சை என்றால், அமைப்புக் கோப்பில் முதல் வரியில் நீலம் என்று இருப்பதைப் பச்சை என்று மாற்றுங்கள்.'

நாலு நாள். நாலு வரி.

அவனிடம் இருந்தது பச்சைப் பலகை. தன் கல்முனைக் கடையில் அதைத் திறந்து நூறு தடவை பார்த்திருக்கிறான்.

"துண்டைத் தாங்க தம்பி, பெட்டிஸ் முடியப் போகுது!"

"எனக்குப் பெட்டிஸ் வேணாம், காக்கா."

காலியான தட்டோடு கஜனி வந்துகொண்டிருந்தாள். பர்ஸான் துண்டுகளை உயர்த்திக் காட்டினான். "மிஸ், இது உங்களுக்கு எங்கால கிடைச்ச? குப்பைக்குள்ள இருந்து எடுத்தீங்களா?"

மண்டப மூலையிலும் ஒரு கமரா இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஏதோ வந்து, வந்த இடத்திலேயே நின்றது.

"வாய்மூல விளக்கம் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றாள். தட்டைக் கழுவப் போனாள்.

குப்பைக்குள் இருந்துதான் எடுத்திருக்கிறாள் என்று அவன் முடிவு செய்துகொண்டான். யாரோ ஒரு கெட்டிக்காரன் எழுதிய பக்கத்தை, யாரோ எறிந்த பிறகு, இரக்கப்பட்ட ஒரு கவுண்டர்ப் பிள்ளை பொறுக்கி வைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினான். மீண்டும் நான்கு மணித்தியாலம் கட்டினான்.

சனிக்கிழமை. ஒலுவில் துறைமுகம். சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர்கள் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிஸாமின் படகில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பர்ஸான் பெட்டியை அதன் இடத்தில் பூட்டி, கையோடு கொண்டுவந்த லெப்டொப்பில் இருந்து ஒரு வயரை அதில் செருகினான். உள்ளே என்ன நடக்கிறது என்று இந்த முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பச்சை லைட்.

"பத்துது. நாங்க வெளிக்கிடுறம் மச்சான், இறங்குங்க" என்றான் நிஸாம்.

"பத்து நிமிஷம் பொறு."

"மத்தப் போட்டெல்லாம் துறையை விட்டு வெளிய பெய்த்து!"

"பத்து நிமிஷம் பொறுடா! பொஞ்சாதி அகப்பையால எறிஞ்சது போதாதா, நானும் எறியணுமா?"

நிஸாம் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. இருவரும் லைட்டைப் பார்த்தார்கள். ஐஸ் ஏற்றியவர்களும் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். எஞ்சின் மட்டும் கதைத்தது.

ஒன்பது.

பத்து.

பதினொன்று.

லைட் எரிந்துகொண்டிருந்தது. படகில் ஒரு சத்தம் எழும்பியது. யாரோ பர்ஸானின் முதுகில் அறைந்தார்கள். நிஸாம் வீட்டுக்கு ஃபோன் எடுத்து, "பெட்டி உசிரோட இரிக்கி, கதவைத் திறந்து வை" என்று கத்தினான்.

பர்ஸான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாவது நிமிடத்தில் பெட்டி தன்னைத் தானே பரிசோதிக்கும். பலகை பொருந்தாவிட்டால் அங்கேயே சாகும். பொருந்தினால் அதைத் தாண்டிப் போகும். இந்த ஊர்ப் பெட்டிகள் எல்லாம் பச்சைப் பலகை; அச்சிட்ட கைநூலின்படி செய்த எதுவும் அதைத் தாண்டியதில்லை. அதனால் அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததுமில்லை.

பணியகத்தாரும் பார்த்ததில்லை. அட்டையில் இருந்தும் முன்னுரையில் இருந்தும் ஒரு பெயரை எடுத்துவிட அவர்களுக்கு ஒரு கூட்டம் போதுமாக இருந்தது. பெட்டிக்குள் இருந்து எடுக்க வேண்டுமானால் கைநூலைப் படித்திருக்க வேண்டும்.

திரையில் கடைசியாக இரண்டு வரிகள் எழும்பி நின்றன.

'பரிசோதனை சரி. இந்த இயங்குதளத்தையும் இதன் பதினான்கு பக்கக் கைநூலையும் எழுதியவர்: கஜனி, காரைதீவு.

எங்கேயாவது விளங்காவிட்டால் என்னிடம் கேளுங்கள். சொல்லித் தருவேன்.'